அரிய நோய் வந்த வீட்டில் மனம் ஏன் இவ்வளவு களைத்துப்போகிறது?

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் யோசனை சொல்லிவிடுவார்கள். வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடு, காலையில் நட, இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொண்டது, அந்த டாக்டர் கைராசிக்காரர். அதில் பாதி உதவாது. இருந்தாலும் வந்திருப்பது என்ன நோய் என்று வீட்டுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அந்த நோயோடு முப்பது வருஷம் வாழ்ந்த பெரியவர் ஒருவராவது சொந்தத்தில் இருப்பார்.

தன் மகனுக்கு வந்திருப்பது டுஷேன் தசைச்சிதைவு என்று ஒரு அம்மா சொல்லும்போது இப்படி எதுவும் நடப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நோயின் பெயரை இரண்டு தடவை கேட்பார். பள்ளிக்கூடத்தில் 'எப்போது சரியாகும்?' என்பார்கள். உள்ளூர் டாக்டருக்கே படித்த காலத்தில் பாடப்புத்தகத்தில் பார்த்த நினைவு மட்டும் இருக்கும். தன் வீட்டில் நடப்பதை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கவேண்டிய வேலையும் அந்த அம்மாவின் தலையில் விழுகிறது.

அரிய நோய் வந்தவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாக நோயை மட்டும் பார்க்கிறோம். பெரிய நோய், அதனால் பெரிய கவலை என்று முடித்துக்கொள்கிறோம். நான் பார்க்கும் விதம் வேறு. நோய் தரும் கஷ்டம் ஒன்று. அந்த நோய் ஊரில் யாருக்கும் இல்லாததால் வரும் கஷ்டம் இன்னொன்று. இரண்டாவதில் பெரும்பகுதி மனிதர்கள் உண்டாக்கியது. அதனால் மனிதர்களால் குறைக்கவும் முடியும்.

எதை அரிய நோய் என்கிறார்கள்?

இதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லாத நோய் அரிய நோய். அமெரிக்கச் சட்டத்தில் நாடு முழுக்க 2 லட்சம் பேருக்கும் குறைவாக இருந்தால் அரிய நோய். இந்தியாவில் 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை இப்படி ஓர் எண்ணை வைக்கவில்லை. சிகிச்சை எப்படிப்பட்டது, எவ்வளவு செலவாகும் என்பதை வைத்து நோய்களை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறது.

தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு நோயும் மிகச் சிலருக்குத்தான். ஆனால் இப்படிப்பட்ட நோய்கள் 6,000-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் சேர்த்தால் உலகம் முழுக்க சுமார் 30 கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை மரபணுக் கோளாறால் வருபவை, சிறுவயதிலேயே தொடங்குபவை. ஆகவே அரிய நோய் என்றாலே பெரும்பாலும் ஒரு குழந்தை, அதைச் சுற்றி ஒரு குடும்பம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் பிடிபடாது. அதனால் டுஷேன் தசைச்சிதைவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர்கள் இதைச் சுருக்கமாக 'டிஎம்டி' என்பார்கள். ஏறக்குறைய முழுக்க ஆண் குழந்தைகளுக்கு வரும் நோய். சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. நம் தசைநார்கள் சுருங்கி விரியும்போது கிழிந்துபோகாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். வண்டிக்கு ஷாக் அப்சார்பர் போல. அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானால் தசை ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நைந்துபோகும். பையன் நடக்கத் தாமதமாகும், அடிக்கடி விழுவான், மாடிப்படி ஏறத் திணறுவான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி எழுவான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பலருக்கு வீல்சேர் தேவைப்படும். பிறகு மூச்சுக்கும் இதயத்துக்கும் கவனிப்பு வேண்டும். நல்ல கவனிப்பும் மூச்சுக்கருவியும் கிடைத்தவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். இருபது வயதைத் தாண்டுவதே அபூர்வம் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது.

பெயர் தெரியாத வருஷங்கள்

மனச்சுமை நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பையன் ஓடவில்லை என்று அம்மாவுக்கு முதலில் தெரியும். மாமியார் 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்' என்பார். ஆசிரியர் சோம்பேறி என்பார். டாக்டர் ஒருவர் சத்து மாத்திரை எழுதுவார், இன்னொருவர் எலும்பு டாக்டரிடம் அனுப்புவார். டிஎம்டியில் இதைவிடக் குழப்பமான ஒரு வழியும் உண்டு. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டும் தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். அந்த எண்களை மட்டும் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு. இத்தனைக்கும் சி.பி.கே. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், தசையில்தான் பிரச்சினை என்று தெரிந்துவிடும். மரபணுப் பரிசோதனை அதை உறுதிப்படுத்தும்.

2024-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், அரிய நோய் உள்ளவர்களுக்கு முதல் அறிகுறியிலிருந்து சரியான பெயர் தெரியச் சராசரியாக 4.7 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மருத்துவ வசதி நன்றாக உள்ள நாடுகளிலேயே இந்த நிலை.

இந்த வருஷங்கள் மனத்தை என்ன செய்கின்றன என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. தான் கண்ணால் பார்ப்பதை மற்றவர்கள் நம்பவில்லை என்றால் முதலில் கோபம் வரும். அப்புறம் தன்மேலேயே சந்தேகம் வரும். 'நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ?' என்று கேட்டுக்கொண்டே இரவில் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு வரும் அரிய நோய்களில் இது இன்னும் மோசம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், உங்களுக்கு மனசில்தான் பிரச்சினை என்று சொல்லிவிடுவார்கள், குறிப்பாகப் பெண்களிடம். பிறகு உண்மையிலேயே மனம் சோர்ந்து உதவி தேவைப்படும்போது அவர்கள் மனநல மருத்துவரிடம் போகமாட்டார்கள். போனால் 'பார்த்தீர்களா, மனசுதான் காரணம்' என்று ஆகிவிடும் என்ற பயம். முன்பு பட்ட காயம் பிறகு வரும் உதவியையும் தடுத்துவிடுகிறது.

பெயர் தெரிந்த நாளும் அதற்குப் பிறகும்

பெயர் தெரியும் நாளில் பலருக்கு ஒரு நிம்மதி வரும். பைத்தியக்காரத்தனம் இல்லை, நான் சொன்னது உண்மைதான் என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே 'இதற்கா நிம்மதிப்பட்டேன்?' என்று குற்ற உணர்ச்சி வரும். இரண்டும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் வருவது இயல்பு. இதை யாராவது அன்றைக்கே சொல்லிவிட்டால் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

அதற்குப் பிறகு வருவதைப் புரிந்துகொள்ள ஒரு கருத்து உதவும். சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1962-இல், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர்களைப் பார்த்து இதை எழுதினார். அந்தப் பெற்றோர்களின் துயரம் சாவுக்குப் பின் வரும் துக்கம் போல ஒரு கட்டத்தில் அடங்கிவிடுவதில்லை; வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது, சில நாள் தணிகிறது, சில நாள் பொங்குகிறது என்றார். அதைத் 'தீராத துயரம்' என்று தமிழில் சொல்லலாம். அவர் சொன்னதில் முக்கியமானது இது: அந்தத் துயரம் நோயல்ல. நடந்துகொண்டிருக்கும் இழப்புக்கு மனம் தரும் இயல்பான பதில். 'ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று அவர்களை நெருக்குவதில் பயனில்லை.

டிஎம்டி வீட்டில் இதை அப்படியே பார்க்கலாம். பையன் மாடி ஏறுவதை நிறுத்தும் மாதம் ஒரு துக்கம். வீல்சேர் வீட்டுக்கு வரும் நாள் ஒரு துக்கம். தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஸ்பூனைத் தூக்கமுடியாமல் போகும்போது ஒன்று. ஒவ்வொரு முறையும் வீடு ஒருவழியாகப் பழகிக்கொள்கிறது, பழகிய சில மாதத்தில் அடுத்தது வருகிறது. தவிர, நோயோடு சம்பந்தமில்லாத நாட்களிலும் அது கிளம்பும். ஒன்றாகப் பள்ளியில் சேர்ந்த அண்ணன் மகன் சைக்கிள் வாங்கிய நாள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள், சொந்தத்தில் ஒரு கல்யாணம். அன்று அந்த அம்மா மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் 'இன்னும் பழையதையே நினைத்துக்கொண்டிருக்கிறாயா?' என்று கேட்கக்கூடாது. அது பழையது இல்லை.

யார்மேல் பழி?

நம் ஊரில் ஒரு குழந்தைக்குப் பெயர் தெரியாத நோய் வந்தால் காரணம் தேடும் வேலை உடனே தொடங்கும். குலதெய்வக் குற்றம், கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தது, போன ஜென்மத்துப் பாவம். படித்த வீடுகளில் இதே வேலை வேறு வார்த்தையில் நடக்கும். சொந்தத்தில் கட்டினதால் வந்தது, லேட்டாகப் பிள்ளை பெற்றதால் வந்தது என்பார்கள். எல்லாம் கடைசியில் அம்மாவிடம்தான் வந்து சேரும்.

டிஎம்டியில் அறிவியலே அந்தப் பழிக்குத் துணைபோவது போலத் தெரிவதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். சுமார் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு இது அம்மா வழியாக வந்தது. பெரும்பாலும் அம்மாவுக்கு நோயின் அறிகுறி இருக்காது, தன்னிடம் இப்படி ஒரு மரபணு இருப்பதே பலருக்குத் தெரியாது. மீதி மூன்றில் ஒரு பங்கில் அம்மாவிடமும் இல்லை, அந்தக் குழந்தையில் புதிதாக நேர்ந்த மாற்றம். இரண்டிலுமே அவள் சாப்பிட்டது, நடந்தது, கும்பிட்டது எதற்கும் இதில் பங்கில்லை. தன் கண்ணின் நிறத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

சொந்தத்தில் திருமணம் செய்வதால் சில அரிய நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. பழுதான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வரும் நோய்களுக்கு அது பொருந்தும். டிஎம்டி அந்த வகையில் சேராது. மாமன் மகனைக் கட்டியதால் இது வந்தது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது மருத்துவப்படியே தவறு.

இந்தப் பழி அடுத்த தலைமுறைக்கும் போகிறது. பையனின் அக்காவுக்கோ சித்திக்கோ அந்த மரபணு இருக்கலாம். பரிசோதனை செய்துகொள்ளலாமா, செய்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவேண்டுமா என்று இருபது வயதுப் பெண் தனியாக உட்கார்ந்து யோசிப்பாள். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மரபணு ஆலோசகர் ஒருவர் அரைமணி நேரம் பொறுமையாகப் பேசினால் இந்தச் சுமையில் பாதி இறங்கும் என்பது என் நம்பிக்கை. கோயம்புத்தூரில் டிஎம்டிக்கென்றே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் செய்யும் மையம் ஒன்று இருக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் மத்திய அரசின் அரிய நோய்களுக்கான உயர்சிறப்பு மையங்களில் ஒன்று.

பையனின் மனம்

இதுவரை பெற்றோரைப் பற்றியே பேசினோம். நோய் வந்தவனின் மனம் என்ன ஆகிறது?

பலருக்கும் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். டிஸ்ட்ரோபின் தசையில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது. அதனால் டிஎம்டி உள்ள பையன்களில் ஒரு பகுதியினருக்குக் கற்றல் சிரமம், கவனம் நிற்காமை, ஆட்டிசத் தன்மைகள், பதற்றம் ஆகியவை மற்ற குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. காதால் கேட்பதை மனத்தில் வைத்துக்கொள்வது சிலருக்குக் கடினம். 'பையை வை, கை கழுவு, நோட்டை எடு' என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் முதலாவதை மட்டும் செய்வான். அடங்காத பிள்ளை என்று அடிவாங்குவான். ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்துவிடுவான். தசை பலவீனம் போல இந்தச் சிரமம் வருஷாவருஷம் கூடிக்கொண்டே போவதில்லை என்பது பெற்றோருக்குத் தெரியவேண்டிய நல்ல செய்தி.

அடுத்தது மருந்து. டிஎம்டிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் நடக்கும் காலத்தைச் சில வருஷம் நீட்டிக்கின்றன. கூடவே பசி, எடை, வீங்கிய முகம், எரிச்சல், தூக்கக் குறைவு எல்லாம் வரலாம். பிள்ளை திடீரென்று கத்துகிறான் என்றால் அது பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் டாக்டரிடம் மாத்திரையின் அளவைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

இவை உடம்பிலிருந்து வருபவை. வெளியிலிருந்து வருபவை பதின்வயதில் கூடுகின்றன. கிரிக்கெட்டில் முதலில் அம்பயர் ஆக்குவார்கள், பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். வகுப்பு மாடியில் இருக்கும். பள்ளியில் வீல்சேர் போகும் கழிப்பறை இருக்காது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டான். பதினாறு வயதுப் பையனை அம்மா குளிப்பாட்டும்போது இருவருக்கும் உள்ள கூச்சத்தைப் பற்றி எந்த டாக்டரும் கேட்பதில்லை. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. அப்பாவோ மாமாவோ ஓர் ஆண் உதவியாளரோ அந்த வேலையை எடுத்துக்கொண்டால் அந்தப் பையனுக்குத் தன் உடம்பின்மேல் இருக்கும் மரியாதை மிஞ்சும்.

இன்னொன்று, வீட்டின் மௌனம். அவனுக்குத் தெரியவேண்டாம் என்று நோயைப் பற்றி அவன் எதிரில் யாரும் பேசமாட்டார்கள். அவன் செல்போனில் எப்போதோ தேடிப் படித்துவிட்டிருப்பான். அம்மா அழக்கூடாது என்பதற்காகத் தனக்குத் தெரியாதது போல இருப்பான். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதற்காக எல்லோரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பார்கள். வயதுக்கு ஏற்றபடி, கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் சொல்வது நல்லது. 'ஏம்மா என் கால் இப்படி ஆகுது?' என்று ஐந்து வயதில் கேட்டால் 'உன் தசைக்குப் பலம் கம்மி கண்ணா, நீ எதுவும் தப்பா செய்யலை' என்பதே போதும். இருபது வருஷத்துக் கதையை அன்றே சொல்லவேண்டியதில்லை. கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கையின் விலை

மருந்தே இல்லாத நோய் ஒருவிதமாக வாட்டும் என்றால், எட்டாத விலையில் மருந்து இருக்கும் நோய் வேறுவிதமாக வாட்டும். முதுகெலும்புத் தசைநார் சிதைவு என்ற இன்னொரு அரிய நோய்க்கான மரபணு சிகிச்சையைத் தமிழ்நாட்டில் '16 கோடி ரூபாய் ஊசி' என்றே எல்லோருக்கும் தெரியும். அந்த ஊசிக்காகப் பெற்றோர்கள் குழந்தையின் படத்தைப் போட்டு ஊரெல்லாம் நன்கொடை கேட்கவேண்டியிருந்தது. தன் குழந்தையின் முகம் வாட்ஸப்பில் பணம் கேட்டுச் சுற்றுவது எந்தப் பெற்றோருக்கும் சுலபமில்லை. பணம் சேராவிட்டால் 'நாம் சரியாகக் கேட்கவில்லையோ' என்ற எண்ணம் வேறு.

டிஎம்டிக்கு 2023-இல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை 32 லட்சம் டாலர், அதாவது 25 கோடி ரூபாய்க்கும் மேல். 2025-இல், நடக்கமுடியாத நிலையில் அதை எடுத்துக்கொண்ட இரண்டு பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள், அதன்பின் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். தூரத்தில் இருக்கும் ஒரு குடும்பம் இந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து மேலே ஏறி, கீழே விழுகிறது. இந்தியாவின் தேசியக் கொள்கைப்படி உயர்சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம். வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படும் நோய்களில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்தப் பதற்றத்தைக் குடும்பத்தின் மனப் பலவீனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இதில் அப்பாவும் கூடப்பிறந்தவர்களும் எளிதாக மறைந்துபோகிறார்கள். அப்பா இரண்டு வேலை பார்ப்பார், வீட்டுக்கு வர நேரமாகும், அவரிடம் யாரும் 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கமாட்டார்கள். தங்கை தன் காய்ச்சலைச் சொல்லமாட்டாள், அண்ணனுக்கே எவ்வளவோ இருக்கிறது என்று. சமர்த்துப் பெண் என்று எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு அவள் வாயை இன்னும் இறுக்கமாக மூடிவிடும். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரமாவது அவளுக்கு மட்டும் என்று அம்மாவோ அப்பாவோ ஒதுக்கமுடிந்தால் அவள் பேசத் தொடங்குவாள்.

துயரம் எங்கே முடிகிறது, மனச்சோர்வு எங்கே தொடங்குகிறது?

2017-இல் ஐரோப்பாவில் அரிய நோயாளிகள் அமைப்புகளின் கூட்டமைப்பு 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. அரிய நோய் உள்ளவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், மகிழ்ச்சி இல்லை, மனம் சோர்ந்திருக்கிறது என்று பொதுமக்களைவிட மூன்று மடங்கு அதிகமாகச் சொல்லியிருந்தார்கள். கவனித்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் அம்மாக்கள் மேல் விழுந்திருந்ததும் அதில் தெரியவந்தது.

மேலே சொன்ன தீராத துயரம் நோயில்லை. ஆனால் அது மனச்சோர்வாக மாறலாம், மனச்சோர்வு சிகிச்சையால் குணமாகும் நோய். எப்படிப் பிரித்தறிவது? துயரத்தில் இருப்பவர் அழுவார், ஆனால் பிள்ளை ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சிரித்தும்விடுவார். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது, எழுந்து பல் தேய்ப்பதே மலைப்பாக இருப்பது, நான் பாரம், நான் தோற்றுவிட்டேன் என்ற எண்ணம் விடாமல் ஓடுவது ஆகியவை இருந்தால் டாக்டரைப் பார்க்கவேண்டும். 'நானும் இவனும் சேர்ந்து போய்விட்டால் நல்லது' என்று ஓர் அம்மா பேச்சுவாக்கில் சொன்னால் அதைப் பேச்சாக விடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கே உதவிக்கு அழைக்கவும்: 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் தமிழக அரசின் 104-லும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

2018-இல் திருத்தி வெளியிட்ட டிஎம்டி சிகிச்சை வழிகாட்டு நெறிகள், ஒவ்வொரு முறை மருத்துவமனைக்கு வரும்போதும் பையனின் மனநலத்தையும் குடும்பத்தின் மனநலத்தையும் விசாரிக்கவேண்டும் என்கின்றன. இதயத்துக்கு எக்கோ எடுப்பது போல அதுவும் சிகிச்சையின் பகுதி. டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். 'எனக்குத் தூக்கம் வரவில்லை சார், அழுகை நிற்கவில்லை' என்றால் போதும்.

எது உதவுகிறது?

முதலில், அதே நோய் உள்ள இன்னொரு குடும்பம். இதற்கு ஈடு எதுவும் இல்லை. விளக்கவே தேவையில்லாத ஒருவரிடம் பேசுவது எப்படி இருக்கும் என்பது, வருஷக்கணக்கில் விளக்கிக்கொண்டே இருந்தவருக்குத்தான் தெரியும். எந்த வீல்சேர் வாங்கலாம், பள்ளியில் எப்படிப் பேசலாம் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். சில குழுக்களில் அதிசய மருந்து விற்பவர்களும் நுழைந்துவிடுகிறார்கள். பணம் கேட்டால் மட்டும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்து, உரிமையாகக் கிடைப்பதைக் கேட்டு வாங்குவது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும், ரத்த நோய்களான ஹீமோபிலியாவும் தலசீமியாவும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. தேர்வு எழுத உதவியாளர் கேட்கலாம், வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லலாம். இவற்றை நான் மனநலக் கட்டுரையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பு கீழே வந்துவிட்டால் அந்தப் பையனுக்கு மாத்திரையோ ஆலோசனையோ தராத நிம்மதி கிடைக்கும்.

மூன்றாவது, அந்த வாழ்க்கையைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தைச் சரிபார்ப்பது. 1991-இல் ஜான் பாக் என்ற அமெரிக்க மருத்துவர், மூச்சுக்கருவியோடு வாழும் டிஎம்டி இளைஞர்களிடம் உங்கள் வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் ஆம் என்றார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்ட மருத்துவப் பணியாளர்களோ, இவர்களுக்கு அவ்வளவு திருப்தி இருக்காது என்று நினைத்திருந்தார்கள். நம் பக்கத்திலும் பார்க்கலாம். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தை அவரோடு சேர்ந்து வளர்த்த சங்கர ராமன் தசைச்சிதைவு உள்ளவர், பட்டயக் கணக்காளர். சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவரும் இதே வகை நோயோடு, தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். எல்லோரும் இவர்களைப் போலச் சாதிக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. சாதனை செய்யாத பையனுக்கும் நல்ல நாட்கள் உண்டு. பிடித்த யூடியூப் சேனல், சிஎஸ்கே மேட்ச், இரவு பதினொரு மணிக்கு நண்பனோடு மொபைலில் கேம். அவனைப் பார்க்கப் போகும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போகாமல், மேட்ச் பார்த்தாயா என்று ஆரம்பித்தால் அவன் அதிகம் பேசுவான்.

உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கடைசியாக ஒன்று. 'ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் கூப்பிடமாட்டார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி ஓட்டுகிறேன், சனிக்கிழமை மதியச் சாப்பாடு என் வீட்டிலிருந்து. எல்லாவற்றிலும் பெரிய உதவி இரவில்தான் இருக்கிறது. நோய் முற்றிய பிறகு பையனால் தானாகத் திரும்பிப் படுக்கமுடியாது. ஒவ்வோர் இரவும் பல தடவை யாராவது எழுந்து அவனைத் திருப்பி, தலையணையைச் சரிசெய்யவேண்டும். வருஷக்கணக்கில் முழுத் தூக்கம் தூங்காத அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களின் சோர்வுக்கும் எரிச்சலுக்கும் இதுவே ஒரு பெரிய காரணம். மாதத்தில் இரண்டு ராத்திரி ஒரு சித்தப்பாவோ பெரியம்மா மகனோ வந்து அந்த அறையில் படுத்துக்கொள்ளலாம். எப்படித் திருப்பவேண்டும், எங்கே தலையணை வைக்கவேண்டும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். எப்படிப் படுத்தால் தனக்கு வலிக்காது என்று அந்தப் பையனே அதைவிட நன்றாகச் சொல்வான்.